மழையிலும் பனியிலும் வீடு மணக்க

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் நம் வீடுகளுக்குள் ஒரு வாடை குடிவந்துவிடுகிறது. டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அந்த வாடை. பாயை விரித்தால் அந்த வாடை. மூன்று நாளாகக் கொடியில் தொங்கும் வேட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் சொல்லவே வேண்டாம். ஓட்டு வீடு, மச்சு வீடு என்ற வித்தியாசம் இதற்குக் கிடையாது. புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீட்டில்தான் சில சமயம் அதிகம். மழை விட்டுப் பனி வந்தாலும் வாடை போவதில்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவைக்கிறோம், அது உள்ளேயே தங்கிவிடுகிறது.

இதற்கு நாம் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் ஊதுபத்தி, சாம்பிராணி வில்லை, அமுக்கினால் புஸ்ஸென்று பீச்சுகிற டப்பா, இப்படி ஏதாவது ஒன்றை வாங்கி வருகிறோம். காசும் போகிறது, சாத்திய வீட்டுக்குள் புகையும் சேர்கிறது. இந்தப் புகை விஷயத்தைப் பின்னால் கொஞ்சம் அழுத்தியே சொல்லப்போகிறேன். ஆனால் "வாங்காதீர்கள், கொளுத்தாதீர்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிற ஆள் நானில்லை. நம் வரப்பிலும் கொல்லையிலும் கிடக்கிற பொருளைக் கொண்டே, அநேகமாகச் செலவில்லாமல், புகையும் இல்லாமல் வீட்டை மணக்க வைக்கலாம். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். இது பொம்பளைங்க சமாசாரம் என்று ஆண்கள் யாரும் எழுந்துபோக வேண்டாம். வேர் தோண்டுவதும் புல் நடுவதும் உங்கள் வேலை.

முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

வீட்டில் ஒரு வாடை அடித்தால் உடனே அதன்மேல் இன்னொரு மணத்தைப் போட்டு மூடிவிடக் கூடாது. வாடை என்பது வீடு நமக்குச் சொல்லுகிற சேதி. அதைக் கேட்ட பிறகுதான் மற்றது.

மழைக்காலத்து ஈர வாடை பெரும்பாலும் பூஞ்சாணத்தின் வாடை. சுவரில், துணியில், பாயில், தானியத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சாணம் வளரும். வளரும்போது அது வெளியே விடுகிற ஆவியைத்தான் நம் மூக்கு பிடிக்கிறது. சுவரில் வளர்ந்தால் சுவரோடு போயிற்று. மூலையில் சாத்திவைத்த நிலக்கடலை மூட்டையில் வளர்ந்தால் விஷயம் வேறு. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வருகிற ஒருவகைப் பூஞ்சாணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. "சரி, மாட்டுக்குப் போட்டுடலாம்" என்பார்கள். கறவை மாட்டுக்குப் போட்டால் அந்த நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கி உங்கள் வீட்டுக் குழந்தையின் தம்ளருக்கே திரும்பி வரும். ஆகவே மூட்டைப் பக்கம் வாடை அடித்தால் ஊதுபத்தியைத் தேடாதீர்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டுங்கள். பூஞ்சாணம் பிடித்ததை ஒதுக்கிப் புதையுங்கள், மிச்சத்தை வெயில் கண்டதும் காயவையுங்கள். விதை நெல்லானால் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கருவி இல்லாதவர்கள் பல்லால் கடித்துப் பாருங்கள், 'டக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை.

இன்னொரு வாடை, பூச்சிமருந்து வாடை. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. மழை வந்துவிட்டதென்று கொட்டகையில் இருந்த மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் நாலு ஊதுபத்தி எரியும். வாடை மறைந்துவிடும், மருந்து மறையுமா? மூக்குக்கு வாடை வருகிறது என்றாலே மருந்தின் ஆவி உங்கள் மூச்சோடு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாட்டிலை வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் கைக்கு எட்டாமல், பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள். அதேபோல சமையல் காஸ் வாடை. காஸுக்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அதில் நாற்றமடிக்கும் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த வாடை வந்தால் தீக்குச்சியும் கிழிக்கக் கூடாது, சுவிட்சும் போடக் கூடாது. கதவைத் திறந்துவிட்டு சிலிண்டரை மூடுங்கள்.

பிறகு ஈரத்தைக் குறைக்கிற வேலை. மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மழை விட்டு வெளிச்சம் வருகிற உச்சி வேளையில் ஜன்னல் கதவு எல்லாவற்றையும் இரண்டு மணி நேரமாவது திறந்து வையுங்கள். ஒரு வாளித் துணியை வீட்டுக்குள்ளே கொடிகட்டிக் காயவைத்தால் அதிலிருந்த தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக் காற்றில்தான் போகும், அங்கிருந்து சுவருக்கும் பெட்டிக்கும் போகும். திண்ணையிலோ தாழ்வாரத்திலோ கொடி கட்டுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்கிற நம் பழக்கம் வெறும் அழகுக்கு ஏற்பட்டதல்ல. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சாணம் எளிதில் பிடிக்காது, சுவரும் உள்ளிருக்கிற ஈரத்தை வெளியே விட்டுக் காயும்.

இவ்வளவும் செய்த பிறகு வைக்கிற மணம்தான் நிற்கும்.

மணம் எப்படி வருகிறது

இலையிலும் வேரிலும் தோலிலும் எளிதில் ஆவியாகிற எண்ணெய் இருக்கிறது. அது ஆவியாகிக் காற்றில் கலந்து நம் மூக்குக்கு வருவதுதான் மணம். சூடு இருந்தால் வேகமாக ஆவியாகும், குளிரில் மெதுவாக ஆவியாகும். கோடையில் கமகமவென்று மணந்த பொருள் மார்கழியில் ஊமையாக இருப்பது இதனால்தான். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உடனே பேசும்.

இந்த எண்ணெய்களில் ஓடுகாலியும் உண்டு, நிலைத்து நிற்பதும் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் மணம் ஓடுகாலி. முதல் நாள் தூக்கி அடிக்கும், சில நாளில் போய்விடும். வெட்டிவேர், கோரைக்கிழங்கு மணம் அப்படியல்ல. மெதுவாக வரும், மாதக்கணக்கில் நிற்கும். கூடவே இருக்கிற மற்ற மணத்தையும் பிடித்து நிறுத்தி வைக்கும். வாசனைத் திரவியம் செய்கிற கம்பெனிக்காரர்கள் வெட்டிவேர் எண்ணெயைத் தேடி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நாம் செய்கிற கலவையிலும் இரண்டு வகையும் வேண்டும்.

நம் விரோதியிடம் ஒரு நன்மை

கோரைக்கிழங்கு என்றதும் சிலர் சிரித்திருப்பீர்கள். வெட்ட வெட்ட முளைக்கிற நம் ஜென்ம விரோதி அல்லவா! ஆனால் அந்தக் கிழங்கை உடைத்து மோந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மண்வாசமும் கற்பூரமும் கலந்தாற்போல ஒரு நல்ல மணம் அதற்கு உண்டு. குளியல் பொடி அரைக்கிற வீட்டுப் பாட்டிமார்களுக்கு இது பழைய சங்கதி. எல்லாக் கோரையும் மணக்காது. வயலில் களையாக வருகிற, மண்ணுக்கடியில் கறுப்புத் தோலும் நாரும் மூடிய சிறு கிழங்கு சங்கிலி போலத் தொடர்ந்து போகிற கோரையைத்தான் சொல்கிறேன். சந்தேகமானால் நசுக்கி மோந்து பாருங்கள்.

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தால் கிளறினால் ஒரு கூடை சேர அதிக நேரமாகாது. அந்தப் பருவத்தில் களைக்கொல்லி அடித்த வயலில் மட்டும் எடுக்காதீர்கள். மண் போகக் கழுவி, சாக்கில் போட்டுத் தேய்த்து நாரைப் போக்குங்கள். இரண்டாக நறுக்கி வெயிலில் காயவையுங்கள். காய்ந்தால் கல் போல ஆகிவிடும், பிறகு உரலில் இட்டு இடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: மிஞ்சின கிழங்கை ஈரத்தோடு எருக்குழியில் கொட்டிவிட்டால் அத்தனையும் எருவோடு சேர்ந்து வயலுக்கே திரும்பி வரும். நன்றாகக் காய்ந்து வறண்ட கிழங்கு முளைக்காது. அதனால் மிச்சத்தையும் காயவைத்தே அப்புறப்படுத்துங்கள். களை எடுத்த மாதிரியும் ஆயிற்று, மணப்பொருள் சேர்த்த மாதிரியும் ஆயிற்று.

வெட்டிவேர், வாசனைப்புல், தோல்

வெட்டிவேரைக் கோடைக்கு மட்டும் உரியதாக நினைக்கிறோம். தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பது கோடைக்குத்தான். குளிர் நாளில் அப்படிச் செய்தால் வீடு இன்னும் குளிர்ந்து ஈரமாகும். மழைக்கும் பனிக்கும் காய்ந்த வேர்தான் வேண்டும். ஒரு பிடி வேரை நூலால் கட்டித் துணிப் பெட்டியில் போட்டு வைத்தாலே போதும். கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் இதைப் பயிராகவே செய்கிறார்கள். வீட்டுத் தேவைக்கு நிலம் வேண்டாம், ஒரு சாக்கு போதும். எப்படியென்று கடைசியில் சொல்கிறேன்.

வாசனைப்புல், அதாவது எலுமிச்சைப்புல், ஒரு தூர் வரப்போரத்தில் இருந்தால் ஆயுசுக்கும் போதும். இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வரும். ஆடுமாடுகள் இதை விரும்பித் தின்பதில்லை, அதனால் வேலியும் தேவையில்லை. நட்டு மூன்று மாதத்தில் முதல் அறுப்பு எடுக்கலாம். தரையோடு ஒட்டி அறுக்காமல் ஒரு அரைச் சாண் விட்டு அறுங்கள், மறுபடி தழையும்.

ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சைத் தோலைக் குப்பையில் எறிகிறோம். நார்த்தங்காய்த் தோலும் ஆகும். பழத்தை நறுக்குவதற்கு முன் நன்றாகக் கழுவிவிடுங்கள், தோலின்மேல் மருந்தும் மெழுகும் இருக்கக்கூடும். மணம் இருப்பது மேல்தோலில்தான். உள்ளே இருக்கிற வெள்ளைச் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலையும் பூஞ்சாணம் பிடிக்க வைத்துவிடும்.

துளசி, நொச்சி, மரிக்கொழுந்து இவையெல்லாம் நீங்கள் அறிந்தவைதான். பூவில் பன்னீர் ரோஜா இதழ் காய்ந்தாலும் ஓரளவு மணம் தாங்கும். மல்லிகையைக் காயவைத்து ஏமாறாதீர்கள். விலை விழுந்த நாளில் கூடை கூடையாக மிஞ்சுகிறதே, காயவைத்தால் என்ன என்று மல்லி போட்ட விவசாயிகள் என்னிடம் கேட்பதுண்டு. மல்லிகை மொட்டு உயிரோடு விரியும்போதுதான் மணத்தை உண்டாக்கி வெளியே விடுகிறது. காய்ந்தால் சருகுதான் மிஞ்சும். வடக்கே உத்தரப் பிரதேசத்தில் எள்ளையும் மல்லிகைப் பூவையும் மாற்றி மாற்றி அடுக்கி, எள் அந்த மணத்தை இழுத்துக்கொண்ட பிறகு ஆட்டி, மணமுள்ள எண்ணெய் எடுக்கிற பழக்கம் உண்டு. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

மழை நாளில் காயவைப்பது எப்படி

இங்கேதான் பலபேருடைய முயற்சி கெட்டுப்போகிறது. இலையை வெயிலில் போட்டால் எண்ணெய் ஆவியாகிப் போய் வெறும் வைக்கோல் மிஞ்சும். நிழலில் காயவைக்க வேண்டும். நிழலில் வைத்தாலோ மழைக் காற்றில் காயாமல் புழுங்கிக் கறுத்துவிடும். ஆகவே சிறு சிறு கட்டாக, பத்துப் பதினைந்து தாளுக்கு மேல் இல்லாமல் கட்டி, தாழ்வாரத்தில் காற்று ஓடுகிற இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் பூஞ்சாணம் வரும். அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் போடாதீர்கள், சீக்கிரம் காயும்தான், ஆனால் புகை வாடை ஏறிவிடும். சமையல் முடிந்து அடுப்பு அணைந்த பிறகு பக்கத்தில் முறத்தில் பரப்பி வைத்தால் அந்தக் கணகணப்பில் நன்றாகக் காயும். தோலை ஊசிநூலில் மாலையாகக் கோத்துத் தொங்கவிடலாம். வேரும் கிழங்கும் தோலும் இடைவெயில் கிடைத்தால் அரைநாள் வெயிலைத் தாங்கும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? இலையைக் கையில் பிடித்து நொறுக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும். தோல் வளையாமல் ஒடிய வேண்டும். ஒரு பாட்டிலில் போட்டு மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பாட்டிலின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் புரட்டாசியிலேயே, மழைக்கு முன்பே, புல்லையும் இலையையும் அறுத்துக் காயவைத்து டப்பாவில் போட்டுவிடுவார்கள். இந்த வருஷம் தவறியிருந்தால் அடுத்த வருஷம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணப்பொடி

நான் சொல்லுகிற அளவு இது. காய்ந்த வெட்டிவேர் 100 கிராம், கோரைக்கிழங்கு 50 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், தோல் 50 கிராம், வாசனைப்புல்லும் துளசியும் சேர்த்து 50 கிராம், கிராம்பு 10 கிராம். பூலாங்கிழங்கும் கிராம்பும்தான் கடையில் வாங்க வேண்டியவை. பூலாங்கிழங்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இரண்டும் இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. வெட்டிவேரை அரிவாள்மணையில் பொடியாக நறுக்குங்கள், அதை இடிக்க வேண்டியதில்லை. மற்றவற்றை ரவை பதத்துக்கு இடியுங்கள். மாவாக அரைத்தால் மணம் சீக்கிரம் ஓடிவிடும், துணியிலும் சலித்து ஒட்டும். எல்லாவற்றையும் கலந்து, மூடி இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் வைத்திருங்கள். திறக்கும்போது தனித்தனி மணமாக இல்லாமல் ஒரே மணமாகச் சேர்ந்திருக்கும்.

பழைய வேட்டித் துணியில் உள்ளங்கை அளவுக்குப் பை தைத்து, இரண்டு ஸ்பூன் பொடி போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். டிரங்குப் பெட்டியில் ஒன்று, படுக்கைச் சுருளில் ஒன்று, பிள்ளைகள் புத்தகம் வைக்கிற அலமாரியில் ஒன்று. பட்டுப் புடவை மேல் நேராக வைக்க வேண்டாம், எண்ணெய்க் கறை படலாம். காகிதத்தில் சுற்றி வையுங்கள். மணம் குறைந்தாற்போல இருந்தால் பையைக் கையில் கசக்கிவிடுங்கள், மறுபடி வரும். இரண்டு மூன்று மாதம் வரும், அதாவது தை மாசி வரைக்கும் ஒரு தடவை செய்தது போதும். மிச்சப் பொடியை மிளகாய்த்தூள், மல்லித்தூள் டப்பாக்களோடு வைக்காதீர்கள். இது தின்கிற பொருளல்ல.

பெட்டியில் பாச்சை உருண்டை போடுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் துணியும் போர்வையும் இருக்கிற பெட்டியில் அதைப் போடவே கூடாது. சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுவில் பிறவியிலேயே ஒரு குறை இருக்கும், வெளியே தெரியாது. அந்த உருண்டையின் ஆவி பட்டால் அவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரக்கூடும். மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுகிற குழந்தைகளும் உண்டு. அந்த இடத்தில் இந்தப் பையை வையுங்கள். பூச்சி வருமா என்று கேட்பீர்கள். இந்த மணம் பூச்சியைக் கொஞ்சம் தள்ளிவைக்கும், கொன்றுவிடாது. மாதம் ஒருமுறை துணியை எடுத்து உதறி வெயில் காட்டத்தான் வேண்டும்.

ஆவி மணம், பனிக்காலத்துக்கு மட்டும்

மழை ஓய்ந்து பனி இறங்குகிற தை, மாசியில் பகல் காற்று வறண்டுவிடும். அப்போது இதைச் செய்யலாம். ஒரு மண்சட்டியில் முக்கால் லிட்டர் தண்ணீர், ஒரு பிடி வாசனைப்புல், ஒரு ஆரஞ்சுத் தோல், நாலு கிராம்பு, சின்னத் துண்டு பட்டை. இதை ராத்திரிச் சமையல் முடிந்து, தீ தணிந்து கனல் மட்டும் இருக்கிற அடுப்பின்மேல் வைத்துவிடுங்கள். கொதிக்க வேண்டாம், ஆவி பறந்தால் போதும். வீடு முழுக்க மணக்கும், ஒரு பொட்டுப் புகை இல்லை. இதற்கென்று காஸைக் கொளுத்தினால் அது வீண் செலவு. காஸ் அடுப்புக்காரர்கள் சாதம் வடித்த சூட்டுக் கஞ்சிப் பானைமேல் சட்டியை மூடி போல வைத்தாலும் கொஞ்சம் மணம் வரும். தண்ணீர் சுண்டித் தீய விடாதீர்கள். தவழுகிற குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் சுடுதண்ணீர் கூடாது. அடைமழை நாளில் இந்த முறை வேண்டாம், ஏற்கெனவே ஈரத்தில் ஊறுகிற வீட்டுக்கு ஆவியும் சேர்த்தால் பூஞ்சாணத்துக்கு விருந்து வைத்ததாகும்.

புகை விஷயம்

சாம்பிராணி நமக்குக் காலங்காலமான பழக்கம். நல்ல சாம்பிராணி ஒரு மரத்தின் பிசின், சுமத்ரா தீவுப் பக்கத்திலிருந்து வருவது. குங்கிலியமும் மரப்பிசின்தான். மணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பிசினானாலும், எந்தப் பத்தியானாலும், எரிந்தால் வருவது புகை. நுரையீரலுக்கு அது விறகுப் புகையா, சாம்பிராணிப் புகையா என்ற பேதம் தெரியாது. கோடையில் ஜன்னல் திறந்திருக்கும், புகை போய்விடும். குளிர் நாளில் எல்லாம் சாத்தியிருக்கும். இழுப்பு இருக்கிற பெரியவரும் பச்சைக் குழந்தையும் அதே அறையில் படுத்திருப்பார்கள்.

குழந்தையைக் குளிப்பாட்டித் தலையை உலர்த்த சாம்பிராணிப் புகை காட்டுவதைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார்களுக்குக் கோபம் வரும். "எங்க புள்ளைங்கள்லாம் அப்படித்தானே வளர்ந்துச்சு" என்பார்கள். வளர்ந்தது உண்மைதான். ஆனால் மூச்சுக்குழாய் இன்னும் நூல் போல இருக்கிற குழந்தைக்கு அந்தப் புகை நல்லதல்ல என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தலையை உலர்த்துவது சூடான உலர்ந்த துண்டு, புகை இல்லை. மணமும் வேண்டும் என்றால் மணப்பொடிப் பையோடு பெட்டியில் இருந்த துண்டை எடுத்துத் துவட்டுங்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சாம்பிராணி போடத்தான் வேண்டும் என்றால் போடுங்கள். கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும், குழந்தைகளும் முதியவர்களும் பத்து நிமிஷம் திண்ணையில் இருக்கட்டும். முடிந்ததும் கரியைத் தண்ணீர் தெளித்து அணைத்து வெளியே வையுங்கள். இந்தக் கடைசி வார்த்தை முக்கியம். சாம்பிராணிக்கு மூட்டிய கரி நன்றாகக் கனன்றுகொண்டிருக்கிறது, குளிருக்கு இதமாக இருக்கிறது, படுக்கிற அறையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. சாத்திய அறையில் கனலுகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு பேர் இப்படித்தான் இறந்தார்கள். மலைப்பக்கத்தில் குளிர்காலத்தில் இந்த மாதிரிச் செய்தி புதிதல்ல. குமுட்டி அடுப்பானாலும் தூபக்காலானாலும் கனல் இருக்கிற எதையும் படுக்கை அறையில் வைக்காதீர்கள். அதில் எவ்வளவு நல்ல மணம் போட்டிருந்தாலும் அந்த வாயு வருவது நிற்காது. காலையில் எழுந்ததும் தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், உடனே அனைவரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்கு நொச்சித் தழைப் புகை போடுகிறோம். நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் போடலாம். சாக்குப் படுதா கட்டி மூடிய கொட்டகையில் மாட்டுக்கும் மூச்சு முட்டும். வீட்டுக்குள் கொசுவுக்குக் கொசுவலைதான். டெங்கு பரப்புகிற கொசு பகலில் கடிக்கிறது, மணப்பொடிக்கு அது மசியாது. தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பதுதான் அதற்கு வைத்தியம்.

சாக்கில் வெட்டிவேர்

இதை விற்றுக் காசு பார்க்கலாமா என்று மகளிர் குழுவினர் கேட்கிறார்கள். மணப்பொடிப் பைகளைச் சந்தையிலும் பொருட்காட்சியிலும் விற்கலாம், கைத்தொழிலாக நல்லதுதான். ஆனால் அதை நம்பி ஒரு ஏக்கரில் வெட்டிவேர் போட்டுவிட்டு என்னைத் தேடி வராதீர்கள். வாங்குகிறவரை முதலில் பார்த்துப் பேசி வைத்துக்கொண்டு பிறகு நடுங்கள். வீட்டுக்கு வேண்டியது சாக்கு மூட்டையில் வளரும்.

ஒரு சிமெண்டு சாக்கை நன்றாக உதறிக் கழுவி, அடியில் நாலைந்து துளை போடுங்கள். மணல் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். வெட்டிவேர்த் தூரில் இரண்டு மூன்று தாள் சேர்ந்த கிளைப்பைப் பிரித்து, மேல் இலையை ஒரு சாணுக்கு வெட்டிவிட்டு, சாக்குக்கு இரண்டு நடுங்கள். வெயில் படுகிற இடமாக இருக்கட்டும். வேர் பிடிக்கும் வரை தண்ணீர் தவறக் கூடாது, பிறகு வாரம் இரண்டு முறை போதும். நம் பக்கத்து வெட்டிவேர் விதை விழுந்து பரவுவதில்லை. அதனால் கோரை மாதிரி பிடித்துக்கொண்டு விடாது, பயப்பட வேண்டாம். ஒரு வருஷம் கழித்து சாக்கை நெடுக அறுத்து மண்ணை உதறினால் வேர் முழுதும் அறுபடாமல் சடை போலக் கைக்கு வரும். நிலத்தில் தோண்டினால் பாதி வேர் மண்ணிலேயே போய்விடும். வேரை அறுத்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தூரை மறுபடியும் புதுச் சாக்கில் நட்டுவிடலாம். கிளைப்பு கிடைக்காதவர்கள் அக்கம்பக்கத்தில் மண்ணரிப்புக்காக வரப்பில் வெட்டிவேர் நட்டிருப்பவர்களிடம் ஒரு தூர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள். நடுவதற்கு இந்த மழைக்காலமே நல்ல காலம்.